மலர் ஈ

பூச்சிகளில் ஈக்குத்தான் நடிப்பு அதிகம், ஐயா. மலர் ஈ என்று ஒன்று உண்டு. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுக்கொண்டு குளவி மாதிரியே திரியும். கொடுக்கு கிடையாது. இறக்கையை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும்: ஈக்கு இரண்டு, குளவிக்கு நாலு. பூச்சி ஆய்வுக்கூடத்தில் என் ஆயுசு இப்படி எண்ணியே கழிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பால்காரர்கூடப் பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஒருநாள் காலி ஜாம் பாட்டிலில் பச்சை வண்டு ஒன்றோடு வந்தார்.

"சார், எங்க தோட்டத்துல இருந்துச்சு. இது யாரு?"

'என்ன' என்று கேட்காமல் 'யாரு' என்றது எனக்குப் பிடித்துப்போனது. பெயர் சொன்னேன். தேநீர் போட்டேன்.

பிறகு அடிக்கடி வந்தார். ஒரு வீட்டுத் தோட்டத்தில் எத்தனை புதுப் பூச்சிதான் இருந்துவிடும்? வரத்து குறைந்தது. நான் குளத்தங்கரையில் பிடித்து வந்து மதிலுக்கு அந்தப் பக்கம் விட ஆரம்பித்தேன். கொட்டாதவற்றை மட்டும்தான். சின்ன வயதில் தேனீ கொட்டி, மூச்சு நின்று, மறுபிழைப்புப் பிழைத்தவர் அவர். அவரே சொல்லியிருந்தார்.

குளவியை நான் விடவில்லை. அது தானாக வந்தது.

"பூந்தொட்டிக்கு அடியிலேருந்து கூட்டமா வருது, சார். குளவின்னா தோட்டத்தையே சிமெண்ட் போட்டு மூடிடுவேன்னு தம்பி சொல்றான். பாத்துச் சொல்லுங்க."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் குளவி இறக்கையை மடித்து வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு இரண்டாகத்தான் தெரியும். எனக்கு நாலும் தெரிந்தது. சிமெண்ட் போட்ட தோட்டமும் தெரிந்தது.

"மலர் ஈதான். வெறும் வேஷம். கொட்டவே கொட்டாது, டீச்சர்."

"அப்பாடா! உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்."

அன்று இரண்டாவது கோப்பை தேநீரும் குடித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் தொட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. மதிலருகே போய் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அப்புறம் எதை நம்பி என்னிடம் வருவார்? பேசாமல் இருந்தேன்.

டீச்சரின் காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி அதே பாட்டிலில் செத்த பூச்சி ஒன்றோடு வந்தார். "அக்கா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்" என்று அழுதார். குளவி என்று சொல்லி, நாலு இறக்கையையும் பிரித்துக் காட்டினேன். அவருக்கும் தேநீர் போட்டேன். அடுத்த வாரமே அவர் தோட்டத்துக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார். பிறகு வரவில்லை.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தேன். ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாகக் கேள்வி கேட்கிறீர்கள், ஐயா. நாளைக்கும் கேட்பீர்கள்தானே?