கீழே நிற்க ஒரு ஆள்

— மூணடி நீளம், சுண்டு வெரல விட மெல்லிசு. இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கண்ணே. கிள்ளான் பாசார் பக்கம் நான் ஏறாத ஹார்ட்வேர் கடை இல்ல. எல்லாரும் ஒரு சாண் ட்ரில் பிட்ட நீட்டிட்டு, இதுக்கு மேல வேணும்னா பிரிக்பீல்ட்ஸ் ஹைதர் கடைதான்னு கை காட்டிட்டாங்க.

— இருக்கு தங்கச்சி. ஹைதர் கடைல இல்லாத பிட்ட இனிமேதான் செஞ்சு கொண்டு வரணும். ஆனா எதுக்குன்னு கேக்காம நான் எடுத்துக் குடுக்கறதில்ல.

— ஓட்டை போடத்தான்ணே. பல்லு குத்தவா கேப்பேன்?

— எதுல ஓட்டை? சிமென்டா, பலகையா?

— பலகை. கிள்ளான்ல எங்கம்மா விட்டுட்டுப் போன பழைய மாடி வீடு. மேல நான், கீழ என் தம்பி நைஜல். இன்டர்நெட் பெட்டி கீழ அவன் ஹால்ல இருக்கு. அதுலேர்ந்து ஒரு கேபிள் மேல வரணும். அவ்வளவுதான் லா.

— வெறும் பலகைன்னா ஒரு சாண் பிட்டே போதுமே.

— செவுத்தோரமா உத்திரம் ஓடுதுண்ணே. பலகை, அதுக்குக் கீழ ஒரு அடிக்கு உத்திரம், அப்புறம் எடைவெளி, அப்புறம் அவன் புதுசா போட்ட பிளாஸ்டர் சீலிங். இவ்வளவையும் தாண்டணும். நடு ஹால்ல எறக்கினா சுலபம்தான். ஆனா கொடிக்கயிறு மாதிரி தொங்கும். இந்த பிரெண்டா கையால இழுத்த வயர் இதுவரைக்கும் யார் கண்ணுலயும் பட்டதில்ல.

— அட, நீங்க வயர்மேனா?

— லைசென்ஸ் பையிலயே இருக்கு, பாக்கறீங்களா? ரவாங்ல ஒரு ஃபேக்டரி பூரா என் கை பட்டதுதான். அடுத்த வாரத்துலேர்ந்து பொம்பளப் புள்ளைங்களுக்கு வீட்லேர்ந்தே ஆன்லைன்ல வயரிங் கிளாஸ் எடுக்கப் போறேன். ஃபோன் டேட்டாவ நம்பினா, நான் ஸ்விட்சுல கை வெக்கறப்ப படம் நின்னு போயிருது. புள்ளைங்க எனக்கு ஷாக் அடிச்சிருச்சுன்னு பயந்துருவாங்க.

— அப்ப நம்ம பாஷைலயே பேசிரலாம். இந்தாங்க, கையில புடிச்சுப் பாருங்க. நல்லா வளையும், ஒடியாது. நுனியப் பாத்தீங்களா?

— ஊசிக் காது மாதிரி ஒரு ஓட்டை.

— அதான் இதோட வித்தை. மேலேர்ந்து எறக்குங்க. நுனி கீழ எட்டிப் பாத்ததும், கீழ நிக்கற ஆளு கேபிள அந்தக் காதுல கோத்துக் கட்டணும். நீங்க மேலேர்ந்து இழுத்தா பிட்டோட கேபிளும் கூடவே வந்துரும். கீழ யாரு நிக்கறது, தம்பியா?

— நானே ஓடி எறங்கிக் கட்டிட்டு, ஓடி ஏறிக்குவேன்.

— ஏன், தம்பி எங்க போனாரு?

— ஞாயித்துக்கிழமை காலைல மாஸுக்குப் போயிருவான். அவன் சர்ச்சுல முட்டி போட்டு எழறதுக்குள்ள நான் முடிச்சிருவேன். கீழ் வீட்டுச் சாவி எங்கிட்ட ஒண்ணு இருக்கு.

— யா அல்லா! தம்பி வீட்டு சீலிங்ல தம்பிக்கே தெரியாம ஓட்டையா?

— அவன் மட்டும் எனக்குத் தெரியாம வீடு பூரா ஓட்டை போடலாமா? கிறிஸ்மஸுக்கு முன்னாடி கீழ் வீட்டப் புதுசு பண்ணான். சொந்த அக்கா, லைசென்ஸ் வெச்ச வயர்மேன், மேல் மாடில குத்துக்கல்லா உக்காந்திருக்கேன். இவன் வெளியாளக் கூட்டிட்டு வந்து வயரிங் பண்றான்! அந்தாளு, மேல வந்துட்டிருந்த என் பழைய இன்டர்நெட் கேபிளையும் சேத்து அறுத்துட்டு, போறப்ப எங்கிட்டயே வந்து, ஆன்டி, வயரிங் வேலை இருந்தா கூப்பிடுங்கன்னு கார்டு குடுக்கறான். அன்னைலேர்ந்து நைஜல்கூடப் பேச்சில்ல.

— கிறிஸ்மஸுக்குக்கூடவா?

— கேக்கு கொண்டாந்து படிக்கட்டுல வெச்சுட்டுப் போனான்.

— நீங்க தொடல.

— யார் சொன்னா? முழுசா சாப்ட்டேன். கேக்கு மேல எனக்கென்ன கோவம்?

— சரி, உங்கள ஏன் கூப்பிடலையாம்?

— அப்ப மணிக்கட்டு முறிஞ்சு கட்டு போட்டிருந்தேன். கை ஒடஞ்சா வாயும் ஒடஞ்சிருமாண்ணே? நான் நாற்காலில உக்காந்து சொல்லியிருப்பேன், யாராச்சும் செஞ்சிருப்பாங்க. ஒரு வார்த்தை கேக்கல. கை வலிச்சத விட அதுதான் எனக்கு வலிச்சுச்சு.

— இவ்வளவு பாடு எதுக்கு தங்கச்சி? மேல உங்களுக்குத் தனி லைன் போட்டுக்கலாமே. ஃபோன் பண்ணா இன்டர்நெட் கம்பெனிக்காரனே வந்து மாட்டிட்டுப் போறான்.

— தனி லைன் போட்டா தனி வீடாயிரும்லண்ணே.

— அப்படிச் சொல்லுங்க.

— என்ன சிரிப்பு?

— சிரிக்கல. பிட்டக் குடுங்க, உள்ள வெக்கறேன். இது உங்களுக்கு இல்ல.

— என்ன வெளாடறீங்களா?

— சீலிங்குக்கு மேல அந்தாளு இழுத்த லைட்டு வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?

— தெரியாது. மெயின அணைச்சுட்டுத்தான் எறக்குவேன். அதுகூடத் தெரியாதவளா நானு?

— அணைப்பீங்க. வயர் அறுந்தா? அந்தாளு உங்க கேபிள அறுத்தான், நீங்க தம்பி வயர அறுப்பீங்க. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? இதே பிட்ட கேரி தீவுலேர்ந்து ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு, கீழ என்ன இருக்குன்னு பாக்காம எறக்கினாரு. அது நேரா மாமியார் அலமாரிக்குள்ள போயி, கல்யாணப் பட்டுப் புடவைய நுனில சுத்திக்கிட்டு மேல வந்துச்சு. கேபிள் வரல, மாமியார் வந்தாங்க.

— ஐயோ மாதாவே!

— நீங்க மாஸ்டருதான், நான் இல்லைங்கல. ஆனா கீழ ஒரு ஆள் இல்லாம இந்த பிட்டு வேலை செய்யாது. தம்பிக்கு ஃபோனப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, வயர் எங்க போகுதுன்னு நானும் கேக்கணும்.

— வயரப் பத்தி மட்டும்தான் பேசுவேன். இப்பவே சொல்லிட்டேன்.

— உங்க இஷ்டம்.

— ஹலோ. மிஸ்டர் நைஜலா?

— அக்கா?

— வயர்மேன் பேசறேன்.

— சொல்லுங்க வயர்மேன்.

— உங்க ஹால்ல, ஜன்னல் பக்கத்து மூலைல, சீலிங்குக்கு மேல லைட்டு வயர் ஏதாச்சும் போகுதா?

— ஒண்ணும் போகல.

— நிச்சயமா? அரைகுறையா சொல்லக் கூடாது.

— நிச்சயமா. அந்தாளு பக்கத்துலயே நின்னு, இந்த மூலைல மட்டும் எந்த வயரும் வரக் கூடாதுன்னு சொன்னதே நான்தான். அக்கா, நீ எங்க இருக்கே? ஒரே எரைச்சலா இருக்கு.

— பிரிக்பீல்ட்ஸ்ல. ட்ரில் பிட்டு வாங்க வந்தேன். உன் சீலிங்ல ஓட்டை போடப் போறேன். பாத்துக்க, சொல்லிட்டுச் செய்யறேன். உன்ன மாதிரி இல்ல.

— சொல்லாம செய்யத்தானே தங்கச்சி வந்தீங்க?

— நீங்க சும்மா இருங்கண்ணே!

— யாருக்கா அது?

— கடைக்காரரு. நீ பேச்ச மாத்தாத. அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நைஜல்? ஒரே ஒரு வார்த்தை?

— கேக்கல. கேட்டா நீ கைக்கட்டோட ஏணில ஏறிருவேன்னு பயந்தேன். நாற்காலில உக்காந்து சொல்ற ஆளாக்கா நீ? ஆனா கேக்காதது தப்புதான். அதச் சொல்ல மாடிப்படி ஏறி வந்தேன். கதவத் தட்டினா உள்ள ட்ரில்ல ஓட விட்டே.

— செவுத்துல வேலை இருந்துச்சு.

— ஒத்தைக் கையிலயா?

— எந்தக் கையா இருந்தா உனக்கென்ன? அந்த மூலைய ஏன் காலியா விட்டே, அத மொதல்ல சொல்லு.

— உன் மேசைக்கு நேர் கீழ அதானேக்கா. அறுந்த கேபிளுக்குப் பதிலா புதுசு இழுத்து, அங்க சீலிங்குக்குள்ள சுருட்டி வெச்சிருக்கேன். கை நொழையற மாதிரி ஒரு மூடியும் போட்டிருக்கேன். அந்தாளு, மாடித் தரையிலயும் நானே ஓட்டை போட்டு முடிச்சுக் குடுத்துர்றேன்னான். அத எங்கக்கா போடுவாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.