முன்னால் ஓடிய முதுகு

ஹலோ... ஆமா, ஹாய்போதான்... சொல்லு தெமிங்... ம்... ம்... ஞாயித்துக்கிழமைதான். எங்கப்பாவுக்கு எண்பது... ஆமா, ஆமா, ஆயுசு நீள நூடுல்ஸ் உண்டு, கடல் அட்டை உண்டு, எல்லாம் உண்டு...

அப்பா பக்கத்து நாற்காலியா? உனக்குத்தான் போட்டு வச்சிருந்தோம்... இல்ல, 'இருந்தோம்'னுதான் சொன்னேன்... குரலுக்கு என்ன? ஜலதோஷமெல்லாம் இல்லடா.

நேத்து போன்ல நேரலை ஓட்டினியே, அதைப் பார்த்தேன்... அதேதான். பழைய கால்பந்து ஆட்டக்காரரோட மனம் திறந்த பேச்சு... ஓஹோ, நான் அதெல்லாம் பார்க்கமாட்டேன்னு நினைச்சிட்டியோ?... நல்லா இருந்துச்சு. கேட்டவங்க எல்லாம் திரையில பூப்படமா அனுப்பித் தள்ளினாங்களே!... இரு. சிரிக்காத... சிரிக்காதன்னு சொல்றேன்ல!

'கூட ஆடுன ஒருத்தனை ஓட்டத்துலயே கழிச்சுக் கட்டினேன்'னு சொன்னியே, யாருடா அந்த ஒருத்தன்?... பேரு சொல்லலையா? ரொம்பப் பெரிய மனசு! குன்மிங் பயிற்சி முகாம், பன்னிரண்டு நிமிஷத் தேர்வு ஓட்டம், காய்ச்சல்ல விழுந்தவனுக்கு மறு ஓட்டம்... எல்லாத்தையும் சொல்லிட்டு பேரை மட்டும் விட்டா, நம்ம தாலியன்ல அது நான்தான்னு யாருக்குடா தெரியாது?

தமாஷா?... எது தமாஷ்? அந்த ஓட்டத்துல தேறலைன்னா சீசன் முழுக்க மைதானத்துல கால் வைக்க முடியாது. அது தெரிஞ்சும் நீதானே வந்த? 'நான் தேறிட்டேன், உனக்காக முன்னாடி ஓடறேன், நீ என் முதுகைப் பார்த்துக்கிட்டே வா'ன்னு சொன்னது நீதானே?... ஆமாவா இல்லையா?... ம். கடிகாரம் உன் கையில. என் கண்ணு உன் முதுகுல. 'வேகம் பத்துமாடா'ன்னு கேட்டேன். 'பத்தும் பத்தும், இப்பவே பறந்தா கடைசியில மூச்சு முட்டும்'ன... விசில் ஊதினப்போ கோடு அங்க நிக்குது, நான் இங்க நிக்கறேன். எனக்கு மூச்சு வாங்கக்கூட இல்ல. 'உசரமான ஊரு, உடம்பு மரத்துப்போச்சு'ன்னு நீதான் சொன்ன. முட்டாப்பய, நம்பினேன்.

... கோச் மோ சொன்னாரா? நடுக்களத்துல நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குத்தான் இடம்னாரா?... போடு, செத்துப்போன மனுஷன் தலையில போடு. கால் யாரோடது? கோச்சோடதா?

... தெரியும். அப்ப உன் சம்சாரம் மாசமா இருந்தது எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு முதல் பந்து வாங்கிக் கொடுத்தவனே நான்தான்டா...

விட்டுக்கொடுத்திருப்பேனான்னு கேக்கறியா? மாட்டேன். பொய் சொல்லல, விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன். ஆனா நேருக்கு நேரா மோதித் தோத்திருப்பேன்... அது வேறடா, அது வேற.

... என்ன நல்லாத்தான் ஆடினேன்? எங்க ஆடினேன்? லான்ஜோவுல, இரண்டாம் டிவிஷன்ல, புல்லே முளைக்காத தரையில. அந்தக் கிளப்பையும் வேற ஊருக்கு வித்தாங்க, மூட்டையோட மூட்டையா நாங்களும் குய்யாங் போனோம். சட்டை நிறம் மாறுச்சு, கிளப் பேரு மாறுச்சு, என் முட்டிதான் மாறல... கடைசியில சென்யாங். நம்ம ஊருக்கு ஆகவே ஆகாதவங்க. அவங்க சட்டையைப் போட்டுக்கிட்டு நம்ம மைதானத்துக்கு வந்தேன். நம்ம சனமே எந்திரிச்சு நின்னு 'துரோகி, துரோகி'ன்னு கத்துச்சு... ஞாபகம் இருக்கா? நீ கேப்டன் பட்டையோட எதிர்ல நின்ன. கிட்ட வந்து, 'விடுடா, காதுல போட்டுக்காத'ன்னு தோளைத் தட்டின. எப்படிடா முடிஞ்சது உன்னால?

... வேணாம். மன்னிப்பு எனக்கு வேணாம்... கேளு. குன்மிங்ல தேறாம நான் ஊருக்குத் திரும்பி வந்தப்போ அப்பா என்ன கேட்டாரு தெரியுமா? 'ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி குடிச்சியா?' அவ்வளவுதான். இல்லேன்னேன். நம்பல. இன்னைக்கு வரைக்கும் நம்பல. வசந்தப் பண்டிகைக்குப் பண்டிகை நீ சாராய பாட்டிலோட வந்து உட்காருவ. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இவன்தான்டா கட்டுப்பாடான பிள்ளை'ம்பாரு. நீ தலையைக் குனிஞ்சு மீன் முள்ளை எடுத்துக்கிட்டிருப்ப... அப்பகூட வாய் திறக்கலையேடா. ஊர்ல முகம் தெரியாதவங்ககிட்ட எல்லாம் திறந்த. அவர்கிட்ட திறக்கலையே!

... ஒண்ணே ஒண்ணு செய். அவர்கிட்ட நீயே சொல்லு... ஞாயித்துக்கிழமை வேணாம், இப்பவே. அடுக்களையில பூண்டு உரிச்சுக்கிட்டிருக்காரு. இரு, போறேன்... அவர் தாங்கமாட்டாரா? பிள்ளை குடிகாரன்னு இத்தனை வருஷம் தாங்கினவருக்கு இது தாங்காதா? 'ஹாய்போ குடிக்கல, நான்தான் மெதுவா ஓடினேன்'னு சொல்லு. அது போதும். நாற்காலியை அப்படியே போட்டு வைக்கறேன், வந்து உட்காரு. சத்தியமா சொல்றேன்...

அப்பா, கையைத் துடைச்சுக்கிட்டு இதைக் கேளுங்க. தெமிங்தான். உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்... சத்தமா வச்சிருக்கேன், நல்லாக் கேக்கும்... சொல்லுடா, அப்பா கேக்கறாரு... தெமிங்?... ஹலோ?... ஹலோ?

... வச்சிட்டான்ப்பா.

... இல்ல, சண்டையெல்லாம் இல்ல... குன்மிங் விஷயம்தான்... ஆமாம்ப்பா, அந்த ஓட்டம்தான்... இல்லப்பா. சொட்டுக்கூடக் குடிக்கல. அன்னைக்கு எனக்கு மூச்சு இருந்துச்சுப்பா... நிறையவே இருந்துச்சு.