சப்பரத்தின் பின் தண்டு

கேப்ரியல்: இன்னிக்கு இந்த ஹால்ல நடக்கப்போற சமாதானத்த நான் ஒருத்தனே தனியா நின்னு தடுப்பேன். திருச்சபை வரலாற்றுல இது எழுதப்படும்.

ட்ரேசி: வாயில இருக்கற கரிப்பாப்ப முழுங்கிட்டு சொல்லு. வரலாறு மேல தூள் விழுது.

கேப்ரியல்: அக்கா, நான் சீரியஸா சொல்றேன்.

ட்ரேசி: நீ காம்பார்ல படிக்கப் போனதுலேர்ந்து எல்லாத்தையும் சீரியஸாதான் சொல்ற. பிரேக் முடிஞ்சா உன் முறை. பயிற்சி நடத்துற சிஸ்டர் ஹில்டா செவுத்துல பெரிய மாஜோங் பேப்பர்ல உன் பேர எழுதி ஒட்டிட்டாங்க.

கேப்ரியல்: பார்த்தேன். பச்சை மார்க்கர். பச்சைன்னா நம்பிக்கையாம். அத ஒட்ட ஈப்போலேர்ந்து காடி ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க, பாவம்.

ட்ரேசி: கிண்டல் பண்ணாத. ரெண்டு வருசமாச்சு, அம்மன் கோயில்காரங்களும் நம்ம சர்ச் ஆளுங்களும் ஒரே கூரைக்குக் கீழ உட்காந்து.

கேப்ரியல்: உட்காந்தாங்க. அவங்க ஃபேன் பக்கம், நாம வெயில் பக்கம். இதுதான் முதல் அநியாயம்.

ட்ரேசி: பயிற்சி என்னன்னு புரிஞ்சுதா இல்லையா?

கேப்ரியல்: புரிஞ்சுது. நான் எந்திரிச்சு, "என் பேரு கனகராஜ்"னு ஆரம்பிச்சு, அந்தாளு கதைய அந்தாளாவே சொல்லணும். அப்புறம் அவரு எந்திரிச்சு, "என் பேரு கேப்ரியல்"னு என் கதைய சொல்லணும். அப்புறம் ரெண்டு பேரும் அழணும். அழணும்னு பேப்பர்ல எழுதல, ஆனா டிஷ்யூ பாக்ஸ் வந்து உட்காந்திருக்கு.

ட்ரேசி: சொன்னா வாய் வெந்திருமா?

கேப்ரியல்: நான் பாதிக்கப்பட்டவன் லா! அந்தோணியார் சப்பரத்துல வலப்பக்கத் தண்டு. முன் முனை என் தோள்ல, பின் முனை அவர் தோள்ல. லோங்காங் வளைவுல சப்பரம் சாய்ஞ்சு அந்தோணியார் சாக்கடைக்குள்ள போனாரு. அவரு ஏந்தியிருந்த குழந்தை இயேசுவுக்குக் கை உடைஞ்சுச்சு. நான் தண்ட விட்டேனா?

ட்ரேசி: அத ஏன் என்கிட்ட கேக்குற? நான் அந்தப் பக்கம் பாக்கலன்னு அப்பவே ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்.

கேப்ரியல்: நல்லது. அப்படியே இரு.

ட்ரேசி: அறுபது வருசமா அந்தப் பின் தண்டு அம்மன் கோயில் கனகராஜ் வீட்டுக்குத்தான். அவங்க தேர் இழுக்கறப்ப பின்வடம் நம்ம பசங்களுக்கு. தோட்டத்துல ரப்பர் பால்மரத்த வெட்டி செம்பன நட்டாங்க, பாதி ஆளுங்க டவுனுக்குப் போயிட்டாங்க, இந்த வழக்கம் மட்டும் நிக்கல. நீ ஒரு வார்த்த கத்தின, நின்னுருச்சு.

கேப்ரியல்: பதட்டத்துல வந்தது.

ட்ரேசி: "குடிச்சிட்டுத் தூக்குறான்"னு பதட்டத்துல வருமா? அவரு ஸ்கூல் வேன் ஓட்டுறவருடா! பீடோர் டவுன் வரைக்கும் பரவிருச்சு. வேன் நிறைய புள்ளைங்க இருந்துச்சு. இப்ப ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு அவரோட சொந்தப் புள்ள. இன்னிக்கும் இது ஒத்து வரலன்னா இந்த வருசமும் சப்பரம் வெளிய போகாது. அந்தப் பேரும் அவர விட்டுப் போகாது. மிச்சமிருக்கற அந்த இன்னொரு புள்ளையும் இறங்கிக்கும்.

கேப்ரியல்: அதுக்கு நான் நாடகம் போடணுமா? பூசையில ஃபாதர் "சமாதானம்"னு சொன்னா வாராவாரம் கை கூப்புறேன்ல. அது பத்தாதா?

ட்ரேசி: நீ தூணப் பார்த்துக் கூப்புற.

கேப்ரியல்: தூண் என்கூட எந்த வம்புக்கும் வந்ததில்ல. முடியாதுன்னா முடியாது அக்கா. ரோமாபுரியே எந்திரிச்சு வந்து இந்த வாசல்ல நின்னாலும் "என் பேரு கனகராஜ்"னு என் வாயில...

கனகராஜ்: தம்பி... இங்கயா இருக்க?

ட்ரேசி: வாங்கண்ணே. தே தண்ணி எடுத்தீங்களா?

கனகராஜ்: வேணாம்மா. தம்பி, இத கொஞ்சம் பாரு. உன் கதைய எழுதி வெச்சிருக்கேன். எனக்கு நின்னு பேச வராது. தப்பா சொன்னா உன்னக் கேவலப்படுத்தின மாதிரி ஆயிரும். சரி பார்த்துக் குடு.

கேப்ரியல்: என் கதைய... நான் திருத்தணுமா?

கனகராஜ்: உனக்குத்தானே தெரியும். என் எழுத்து புரியாது, நானே படிக்கிறேன். "என் பேரு கேப்ரியல். அப்ப எனக்கு பத்தொன்பது வயசு. எங்கப்பா மரியஜோசப் தூக்கின தண்ட அன்னிக்குத்தான் முதல் முறையா நான் தூக்கினேன். அப்பா செத்து மூணு மாசம்தான். எல்லாரும் என்னையே பாக்குறாங்கன்னு நெனச்சேன். அப்பா தூக்கி ஒரு தடவகூட விழாத அந்தோணியாரு, நான் தூக்கி விழுந்துட்டாரு. பயத்துல வாயில வந்தத கத்திட்டேன்." இவ்ளோதான். பத்தொன்பதா, இருபதா?

கேப்ரியல்: ...பத்தொன்பது.

கனகராஜ்: அப்ப சரி.

ட்ரேசி: அண்ணே... இதுல ஒண்ணு இல்லையே.

கனகராஜ்: தெரியும்மா. நான்தான் எழுதல.

கேப்ரியல்: ஏன் எழுதல?

கனகராஜ்: அது என் கதையில வருது தம்பி. என் கதைய நீதானே சொல்லணும்.

கேப்ரியல்: நான் சொல்லப் போறதில்லண்ணே. முடிவு பண்ணிட்டேன்.

கனகராஜ்: சரி.

கேப்ரியல்: சரின்னா? அப்பயும் நீங்க இத படிப்பீங்களா?

கனகராஜ்: படிப்பேன். எழுதிட்டேன்ல.

கேப்ரியல்: என்ன மன்னிச்சிட்டேன்னு காட்டுறதுக்கா?

கனகராஜ்: யாரு மன்னிச்சா? கோவம் அப்படியே இருக்கு. காலையில காலி வேன ஓட்டிக்கிட்டுப் போறப்ப தினம் உன் குரல்தான் கேக்குது. அதுக்காக உன் கதையில நான் பொய் எழுத முடியுமா?

ட்ரேசி: சிஸ்டர் கூப்பிடுறாங்க... டே, உள்ள வா. வாடா.

ஹில்டா: எல்லாரும் உட்காந்தாச்சா? கேப்ரியல், கட்டாயம் இல்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். அடுத்தவரக் கூப்பிடுவேன்.

கேப்ரியல்: வேணாம் சிஸ்டர்... மைக் வேணாம்.

ஹில்டா: பின்னால கேக்காதே?

கேப்ரியல்: கேக்குற மாதிரி சொல்றேன். என் பேரு... என் பேரு கனகராஜ். நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். அன்னிக்கு நான் குடிக்கல. லோங்காங் வளைவுல, எனக்கு முன்னால நின்ன பையன் தண்ட விட்டுட்டு, ஃபோன எடுத்து, தன்னையே படம் புடிச்சான். அவன் அக்கா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு. சப்பரம் சாய்ஞ்சுச்சு. தாங்கிப் புடிக்கப் பாய்ஞ்சேன், என் கால் லோங்காங் சாக்கடையில இறங்கிருச்சு. அதத்தான் எல்லாரும் தள்ளாடினேன்னு சொன்னாங்க. நடந்தத நான் அப்பவே, அந்த இடத்துலயே சொன்னேன். குடிகாரன் பேச்சுன்னு சிரிச்சாங்க. மொதல்ல சிரிச்சது அந்தப் பையன்தான்.