ஆலடிக்குளத்துப் படங்களுக்கு நாளும் இடமும் மீட்டுத் தந்தவர்

தலைமை வகிக்கும் தில்லைநாயகம் அவர்களே, ஆலடிக்குளம் பறவைக் கணக்கெடுப்புக் குழுவின் தோழர்களே, மேலப்பாளையத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, தந்தையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் முஃபீதா, அனைவருக்கும் வணக்கம். கணவரை இழந்து, வீட்டைவிட்டு வெளியே வராத இத்தா இருப்பதால் வர இயலாத மைதீன் பாத்திமா அம்மையாருக்கும் இங்கிருந்தே என் ஆறுதல்.

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். எழுதி வந்ததை வாசிக்கிறேன். பெரியவர் மீரா முகைதீன் செவ்வாய்க்கிழமை காலமானார். இந்த வாக்கியத்தை எழுதியபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இப்போது வாசிக்கும்போதும் தோன்றவில்லை. துக்கம் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா? எனக்குத் தெரியவில்லை. ஆகவே அவர் செய்த வேலையைச் சொல்கிறேன்.

குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் விடப்போவதாகச் சென்ற ஆண்டு பேச்சு எழுந்தது. அந்த மரங்களில்தான் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. ஏலத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்க, கூடுகளைப் படம் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனோம். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எந்தக் குளம், எந்த வருசத்துப் படம்னு நான் எப்படி எடுத்துக்கிட?” என்றார். அவர் கேட்டதில் தவறு உண்டா? இல்லை. படத்துக்குள் எடுத்த நாள், நேரம், இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பதிவாகியிருக்கும். கூடு பளிச்சென்று தெரியட்டும் என்று ஸ்டூடியோவில் கொடுத்து வெளிச்சம் கூட்டி, அளவைச் சுருக்கி வாங்கியிருந்தோம். அதில் அந்தக் குறிப்பெல்லாம் போய்விட்டது.

எல்லோரும் சோர்ந்துபோனோம். சோராதவர் யார்? சவூதியில், தம்மாமில் கப்பல் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் உழைத்துத் திரும்பிய நம் மீரா முகைதீன்!

“மூலப் படத்துல எல்லாம் பத்திரமா இருக்குவே. அங்கன இருக்கத எடுத்து இங்கன வைக்கணும். அம்புட்டுதான்” என்றார்.

கணினியின் கருப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை வரி தட்டினார். மூலப் படத்தின் குறிப்புகள் அதே பெயருள்ள ஸ்டூடியோப் படத்துக்குள் போய் உட்கார்ந்தன. நூற்றுக்கணக்கான படங்கள், ஒரு தேநீர் ஆறுவதற்குள்! பிறகு வரைபடத்தைத் திறந்தார். எங்கள் நாரைகளில் பாதி உவரிக் கடலுக்குள் கூடு கட்டியிருந்தன.

நம் கிங்ஸ்லி தன் கேமராவில் உவரிக் கடற்கரைக் கோயில் திருவிழாவில் எடுத்த படங்களும் மூலப் படங்களோடு கலந்திருக்கின்றன. கேமராக்கள் எல்லாம் ஒரே மாதிரி எண்ணைத்தானே பெயராக வைக்கின்றன? எண் ஒத்துப்போனதால் இடம் மாறிவிட்டது.

“ஏலே கிங்ஸ்லி, ஒன் கட்டுமரத்துல நம்ம நாரை ஏறி உக்காந்துட்டுலே!”

“அண்ணாச்சி, கோயிலுக்குப் போனது ஒரு குத்தமா?”

“கோயிலுக்குப் போனது குத்தமில்ல. மீன் வாங்கிட்டு வந்து எனக்குத் தராதது குத்தம்.”

சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு கோப்புறை பிரித்தார். முதலில் ஒரு படத்துக்கு மட்டும் தட்டிச் சரிபார்த்தார். பிறகே மற்றவை. அருகில் உட்கார்ந்து, நகல் எடுத்தீர்களா, நகல் எடுத்தீர்களா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். “எஸ்றா சார்வாள், உமக்குப் பயந்தாவது இந்தக் கம்ப்யூட்டர் தப்பு செய்யாது வே” என்றார். அந்தப் படங்களை அதிகாரிகள் ஏற்றார்கள். மரங்கள் ஓராண்டு தப்பின.

அன்பர்களே, அந்த ஓராண்டு முடிந்துவிட்டது. ஏலம் விடலாமா என்று முடிவு செய்யும் கூட்டம் வரும் திங்கட்கிழமை. கூடுகளில் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. இந்தப் பருவத்துப் படங்களை எடுக்க, சென்ற ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கரையில் நின்றவர் அவர். இந்த முறையும் வெளிச்சம் கூட்டக் கொடுத்திருந்த ஸ்டூடியோப் படங்கள் வந்து சேர்ந்ததோ அவரை அடக்கம் செய்த அன்று. நாளும் இல்லை, இடமும் இல்லை. அந்த வரியைத் தட்ட இனி யார் இருக்கிறார்கள்? அவர் தட்டுவதை அருகிலிருந்து பார்த்தவன் நான் மட்டுமே. பார்ப்பதும் செய்வதும் ஒன்றா?

இன்று காலை மேலப்பாளையத்தில் அவர் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். நகல் எடுத்தேன். ஒரு படத்துக்கு மட்டும் வரியை எழுதினேன். எழுத்தெழுத்தாகப் படித்தேன். மறுபடியும் படித்தேன். விரல் இறங்கவில்லை.

“தட்டுங்க மாமா” என்றார் முஃபீதா. “வாப்பா இருந்தா இன்னேரம் உங்கள ஏசியிருப்பாவ.”

தட்டினேன். திறந்து பார்த்தோம். நாள் வந்திருந்தது. ஆலடிக்குளம் என்று இடமும் வந்திருந்தது. அதற்கும் கீழே, நான் ஒருநாளும் கவனித்திராத ஒரு வரி. படம் எடுத்தவர்: மீரா முகைதீன். கேமராவை வாங்கித் தந்த அன்று முஃபீதா அதில் பதிந்து வைத்த பெயராம். அதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

மீதிப் படங்கள் அப்படியே இருக்கின்றன. இந்தக் கூட்டம் கலைந்ததும் கிங்ஸ்லியும் நானும் மேலப்பாளையம் போகிறோம். பைய பையத்தான் செய்வேன், ஆனால் செய்துவிடுவேன். திங்கட்கிழமை அதிகாரிகள் எந்தப் படத்தைத் திறந்து, எப்போது, எங்கே, யார் எடுத்தது என்று கேட்டாலும் படமே பதில் சொல்லும். நான் பேச வேண்டியிருக்காது.

பேச வேண்டி வந்தால், எழுந்து பேசுகிறேன்.