பன்னெண்டு மணி அழுகை

முருகையன்: ஜல்தி ஏறு காந்திமதி, திண்டிவனம் பஸ்ஸுல சீட்டு கெடைக்கறதே பெருசு. பாப்பா, நீ ஜன்னல் ஓரம் உக்காரு. விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள தூங்கிடுவா பாரு.

காந்திமதி: ஏன் தூங்க மாட்டா... விழுப்புரத்துல ரெண்டு ஸ்கூலு ஏறி எறங்க வச்சிட்ட. நம்ம திண்டிவனத்துல ஸ்கூலே இல்லாத மாதிரி.

முருகையன்: ஆறாங்கிளாஸ்ன்னா சும்மாவா? நாலு எடம் பாத்துத்தான் சேக்கணும். அதுவும் நம்ம பாப்பாவுக்கு...

காந்திமதி: பாத்தமே. மொத ஸ்கூல்ல, பசங்க மனசு விட்டுப் பேச தனி ரூம்பு இருக்குதுன்னாங்க. தொறந்தா உள்ள ஆண்டு விழா கிரீடம், அட்டை வாளு, ஒடஞ்ச மைக்கு. அந்த வாளு கிட்டயா மனசு விட்டுப் பேசறது?

முருகையன்: கவுன்சிலிங் மேடம் வாரத்துல ஒரு நாள் வருவாங்களாம்.

காந்திமதி: எந்த நாளுன்னு கேட்டேன். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க.

அஸ்வினி: செவ்வாக்கிழமைன்னு ஒரு சார் சொன்னாரு. வெள்ளிக்கிழமைன்னு ஒரு மிஸ் சொன்னாங்க.

காந்திமதி: ரெண்டாவது ஸ்கூலு அதுக்கு மேல. ரெண்டு வருஷமா தெனமும் ஸ்கூல்ல மத்தியானம் பன்னெண்டு மணி ஆனா தேம்பித் தேம்பி அழுவுறா சார்ன்னு சொல்றேன். அந்த கரஸ்பாண்டென்ட்டு, எங்க கிட்ட விடுங்க, எட்டே நாள்ல ஸ்ட்ராங்கா ஆயிடுவான்றாரு. எம் பொண்ணு இன்னா சிமெண்ட்டா?

முருகையன்: நல்ல விதமாத்தான் சொன்னாரு.

காந்திமதி: உனக்கு அது ஏன் புடிச்சுதுன்னு எனக்குத் தெரியும். கிளாஸ் ரூமப் பாத்தியா? டீச்சர் கிட்ட ஒரு வார்த்த பேசினியா? எதிர்ல டீக்கடை இருக்குதா, ஆட்டோ நிறுத்த நெழல் இருக்குதான்னு வாசலையே சுத்திக்கினு இருந்த.

முருகையன்: வேப்பமரம் இருக்குது. அதப் பாத்தா இன்னா தப்பு? பாப்பா அழுதா கூப்பிடுவாங்க. நான் ஒடனே போவணும் இல்ல?

காந்திமதி: நீ திண்டிவனம் ஆட்டோ ஸ்டாண்டு ஆளு. விழுப்புரத்துல எவன்யா உனக்கு சவாரி விடுவான்?

முருகையன்: அத நான் பாத்துக்கறேன்.

காந்திமதி: நேத்து பாத்த நம்மூரு கவர்மெண்ட் ஸ்கூலுக்கு இன்னா கொறச்சலு? அந்தப் பெரிய டீச்சரு நம்மள வெளிய உக்கார வச்சிட்டு இவ கிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. வேற எங்கியாவது இவ மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த கேட்டாங்களா?

முருகையன்: கடைசியில இன்னா சொன்னாங்க? அப்பா வாசல்ல நிக்கக் கூடாது, நாங்க பாத்துக்கறோம்ன்னாங்க. இன்னா பாத்துக்குவாங்க? ரெண்டு வருஷமா ஒரு நாள் தப்பாம ஸ்கூலு எதிர்லயே கெடக்கறவன் நானு.

காந்திமதி: பெரிய தியாகி. ஊரே சொல்லுது. அதுக்கு முந்தி ஒரு நாள் இன்னா நடந்துதுன்னு மட்டும் எவனும் சொல்றதில்ல.

முருகையன்: பஸ்ஸுல அத எடுக்காத.

காந்திமதி: எடுக்கல. நாலு மணிக்கு ஸ்கூல் விட்ட கொழந்த எட்டு மணி வரைக்கும் கேட்டாண்ட தனியா நின்னுச்சு. இட்டுக்கினு வர வேண்டியவரு ஒயின்ஷாப்பு பின்னாடி மல்லாந்து கெடந்தாரு. நான் எங்க எடுத்தேன்?

முருகையன்: அன்னிக்கு விட்டவன்தான். அப்பறம் தொட்டிருக்கனா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு.

காந்திமதி: தொடல. அதான் எனக்கே ஆச்சரியம். கோயில்ல கயிறு கட்டியே மூணு நாள் தாங்காத ஆளு.

முருகையன்: பொண்ணு அழுவும்போது எவனுக்குக் குடிக்கத் தோணும்? பன்னெண்டு ஆனா வாட்ச்மேன் ஓடியாருவாரு. உள்ள போயி பக்கத்துல உக்காந்து, தேத்தி, சோறு ஊட்டி முடிக்க ஒண்ணே கால் ஆயிடும். அப்பறம் எல்கேஜி பசங்கள ஏத்தணும். அப்பிடியே சாயங்காலம் ஆயிடும்.

காந்திமதி: லீவு நாள்ல இவ அழுவறதும் இல்ல, உன் ஆட்டோவ விட்டு எறங்கறதும் இல்ல. அது இன்னா பன்னெண்டு மணிக் கணக்கோ... டாக்டரு பசின்னாரு. உங்கக்கா காத்துன்னு தாயத்து கட்டினாங்க. அந்தக் காத்துக்கு வாட்ச்சு வேற கட்டத் தெரியும் போல.

முருகையன்: புள்ளைய வச்சிக்கினு கேலி பேசாத. பாப்பா, தூங்கிட்டியா?

அஸ்வினி: இல்லப்பா.

முருகையன்: நேத்து அந்தப் பெரிய டீச்சரு அரை மணி நேரம் இன்னாதான் கேட்டாங்க?

அஸ்வினி: பன்னெண்டு மணிக்கு ஏன் அழுவறன்னு கேட்டாங்க.

காந்திமதி: அத நாங்களுந்தான் கேட்டோம்.

அஸ்வினி: நீ, ஏன் அழுவற அழுவாத, ஏன் அழுவற அழுவாதன்னுதான் கேட்ட.

காந்திமதி: ...சரிடி. அவங்க கிட்ட இன்னா சொன்ன?

அஸ்வினி: அப்பதான் கடை தொறப்பாங்கன்னு சொன்னேன்.

முருகையன்: எந்தக் கடை?

காந்திமதி: எந்தக் கடையாம்... அதுக்குள்ள மறந்து போச்சு பாரு.

அஸ்வினி: அப்பா, நீ இட்டுக்கினு போவ வராத நாளுக்கு மறுநாளு பயமா இருந்துது, அழுதேன். நீ உள்ள வந்து உக்காந்துக்கின. அன்னிக்கு நீ அங்க போவல. அதான்பா...

முருகையன்: அப்ப... தெனமும் பொய்யாவா அழுத?

அஸ்வினி: இல்லப்பா. மணியப் பாத்தா நெஜமாவே வந்துடும்.

காந்திமதி: இத ரெண்டு வருஷம் எங்க கிட்ட சொல்லாம வச்சிருந்தியாடி.

அஸ்வினி: சொன்னா நீ அப்பாவத் திட்டுவ.

காந்திமதி: இப்ப ஏன்யா தலையக் குனிஞ்சிக்கின? ஊர் வர்றதுக்குள்ள சொல்லு. எந்த ஸ்கூலு?

முருகையன்: நம்மூரு ஸ்கூல்லயே சேத்துடலாம். நான் வாசல்ல நிக்கல. ஆனா பாப்பா... பன்னெண்டு மணிக்கு நீ இன்னா பண்ணுவ?

அஸ்வினி: ஆபீஸ் போன்லேர்ந்து தெனமும் அப்பாவுக்குப் பண்ணிக்கோன்னு பெரிய டீச்சரு சொல்லிட்டாங்க.

முருகையன்: பண்ணும்மா. எங்க இருந்தாலும் எடுத்துப் பேசறேன். ஆட்டோலதான் இருக்கேன்னு சொல்றேன்.

அஸ்வினி: பேச வேணாம்பா. பேசினா நீ பொய் சொல்லுவ. ஆட்டோ ஹாரன அடி, அது போதும்.