பைக்குள் இருந்த வலது கை

என் பெயரையும் கதவிலக்கத்தையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது அறுபத்தேழு. நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டு மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். கடந்த சனிக்கிழமை வீட்டு உபயோகப் பொருட்கள் கண்காட்சியில் ஓர் ஊழியரின் கை வெட்டுப்பட்டதை நேரில் பார்த்தவன் என்ற முறையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

என் மனைவிக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு வந்துவிட்டது, வலது கை மட்டும் வரவில்லை. அதன் பிறகு சமையல் என் பொறுப்பாயிற்று. நான் வெட்டும் காயில் ஒரு துண்டு விரல் பருமன் இருக்கும், இன்னொன்று கடுகளவு இருக்கும். "உங்க வகுப்புப் பசங்க மாதிரியே நிக்குது, ஒண்ணுகூட ஒரே உயரமில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். பிறகு தன் கையைப் பார்ப்பாள், சிரிப்பு நின்றுவிடும். கைப்பயிற்சி கொடுப்பவர், இடது கையையாவது பழக்க வேண்டும் என்று, துணி காயப்போடும் கிளிப்புகளைக் கொடுத்து அவற்றை அழுத்தி அழுத்திக் கயிற்றில் மாட்டச் சொன்னார். அவள் செய்யவில்லை. "பீச்சாங்கையால ஆக்கினத யாரு திம்பா?" என்று கிளிப்புகளை டப்பாவோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இந்த நிலையில், ஒரே கையால் இயக்கக்கூடிய காய் வெட்டும் இயந்திரம் கண்காட்சிக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவளை அழைத்துச் சென்றேன். கண்காட்சி முக்கியமாக வியாபாரிகளுக்கானது என்றாலும் பிற்பகலில் பொதுமக்களையும் உள்ளே விட்டார்கள். தானே கிளறிக்கொள்ளும் சட்டி, எடையை வாய்விட்டுச் சொல்லும் தராசு, தட்டையாக மடங்கும் சல்லடை, முட்டையை உள்ளே போட்டுக் குலுக்கினால் ஓடு உரியும் குவளை ஆகியவற்றைப் பார்த்தோம். "தானே கிளறுது, தானே நிறுக்குது, தானே பேசுது. திங்கறதுக்கு மட்டும் மனுஷன் வேணுமாக்கும்" என்று அவள் சொன்னாள். அவள் அப்படிப் பேசி வெகுநாளாகியிருந்தது. வந்தது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

அதன் பிறகு சம்பவம் நடந்த கடைக்குப் போனோம். அவளால் அதிகம் நிற்க முடியாது என்பதால் கடையில் ஒரு குட்டை நாற்காலி கேட்டு, மேசைக்கு முன்னால் போட்டு உட்கார வைத்தேன். இயந்திரம் ஒரு சிறு வாளி அளவு இருந்தது. அடியில் சுற்றும் கத்தி, மேலே வெள்ளை மூடி. மூடியைப் பூட்டினால்தான் கத்தி சுற்றும், திறந்தால் நின்றுவிடும். மூடியின் முனை, வாளியின் விளிம்பில் உள்ள ஒரு பள்ளத்தில் இறங்கி உள்ளிருக்கும் விசையை அழுத்துவதே காரணம். குளிர்பெட்டிக் கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறதே, மூடினால் அணைகிறதே, அதுபோலத்தான். உதாரணம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று இதை எழுதிக்கொள்ளும் காவல் நிலைய ஐயா அவர்கள் சொன்னதால் நிறுத்திக்கொள்கிறேன்.

மூடி அப்போது மேசையின் ஓரத்தில் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் மூடியின் முனைக்குப் பதிலாக ஒரு சிவப்புத் துணிக் கிளிப் செருகப்பட்டிருந்தது. அதனால் மூடி இல்லாமலேயே கத்தி சுற்றியது. இயந்திரத்தை இயக்கிக் காட்டிய ஊழியருக்கு முப்பது வயதிருக்கலாம். அவரிடம் கிளிப்பைச் சுட்டிக்காட்டி இது சரியா என்று கேட்டேன். "மூடி போட்டா உள்ள நடக்கறது தெரியாது சார். மேனேஜர் சொருகி வெச்சது" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற மேலாளர் அதைக் கேட்டு முன்னால் வந்து, "பொண்ணக் கண்ணுல காட்டாம கல்யாணம் பேச முடியுமா சார்?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு விசாரணைக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று ஐயா அவர்கள் கேட்டார். இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த ஊழியர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய வலது கை எப்போதும் பொத்தானின்மேல் இருந்தது. இடது கை காயைப் போடும், வெட்டிய துண்டுகளை அள்ளும். இடது கை உள்ளே போவதற்கு முன் வலது கை பொத்தானை அணைத்துவிடும். கத்தி நின்ற பிறகே இடது கை உள்ளே போகும். வாய் பாட்டுக்குக் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருக்கும். நான் பார்த்தவரை ஒருமுறைகூட இந்த முறை மாறவில்லை. அவர் அதை யோசித்துச் செய்ததாகவும் தெரியவில்லை. கைகள் இரண்டும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது போல் இருந்தது.

அதன் பிறகு என் மனைவி, "எனக்குச் சோத்துக்கை வராது தம்பி. இந்த ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு ஆகுமா?" என்று கேட்டாள். அவர் பேச்சை நிறுத்தி அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு, "ஏம்மா ஆகாது? இந்தா, இப்ப எனக்கும் சோத்துக்கை இல்ல, பாத்துக்குங்க" என்று சொல்லி வலது கையை மேலங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர், "நடுவுல கைய வெளிய எடுத்து ஏமாத்தக் கூடாதுப்பா!" என்று கேலி செய்தார். "எடுத்தா உங்க வீட்டுப் பாத்திரம் பூரா நான் கழுவறேண்ணே" என்று ஊழியர் பதில் சொன்னார். மேலாளர் அருகிலேயே இருந்தார். தடுக்கவில்லை. மூடியைப் போடு என்றும் சொல்லவில்லை.

அவர் இடது கையாலேயே பொத்தானை அழுத்தி, இடது கையாலேயே கேரட்டுகளைப் போட்டார். ஒன்று குறுக்காக மாட்டிக்கொண்டு துள்ளியது. அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களாம்மா, இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே, வழக்கம்போல் துண்டுகளை அள்ளுவதற்காக இடது கையை உள்ளே விட்டார். அணைக்க வேண்டிய கை பைக்குள் இருந்தது.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் வலது கையைப் பையிலிருந்து எடுத்து முதலில் பொத்தானை அணைத்தார். அதன் பிறகுதான் கத்தினார்.

பக்கத்துக் கடைப் பெண்மணி விற்பனைக்கு வைத்திருந்த புதுத் துண்டுகளைப் பிரித்துக் கையில் சுற்றினார். நான் ஊழியரைத் தாங்கித் தரையில் உட்கார வைத்தேன். அந்த நிலையில் அவர் என்னிடம், "சார், அம்மாவ அந்தப் பக்கம் திருப்பி உக்கார வைங்க, பயந்துடுவாங்க" என்றார். நான் நிமிர்ந்தபோது மேலாளர் பள்ளத்திலிருந்த சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கி மேசைக்கு அடியில் போட்டார். பிறகு மூடியை எடுத்து இயந்திரத்தின்மேல் வைத்துப் பூட்டினார். அதன் பிறகே ஊழியரின் பக்கம் குனிந்தார். இதைத் தெளிவாகப் பார்த்தேன். காவலாளி வந்து கேட்டபோது, "சொன்னா கேக்காம மூடியக் கழட்டிட்டு வித்தை காட்டினான்" என்று மேலாளர் சொன்னார். நிறுவனமும் அப்படியே எழுதிக் கொடுத்து, விபத்துக்கு ஊழியரே பொறுப்பு என்று கைகழுவிவிட்டதாக அறிகிறேன். அது உண்மையல்ல.

அதன் பிறகு என் மனைவி வீட்டுக்கு வர மறுத்ததால் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு விரல்களைச் சேர்க்க முடியவில்லை என்று சொன்னார்கள். அவள் ஊழியரின் கட்டிலருகே போய் நின்றாள். அவர்தான் முதலில் பேசினார். "விடுங்கம்மா. எனக்குச் சோத்துக்கை இருக்குல்ல" என்றார். தன் கை போனபோது அழாதவள் அங்கே அழுதாள். கண்ணைத் துடைத்துவிட நான் போனேன். ஏன் அவளே துடைத்துக்கொள்ளவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அவளுடைய இடது கை மூடியே இருந்தது. விரல்களைப் பிரித்தபோது உள்ளே அந்தச் சிவப்புக் கிளிப் இருந்தது. மேலாளர் போட்டது அவளுடைய குட்டை நாற்காலியின் காலடியில் வந்து விழுந்திருக்கிறது. குனிந்து எடுத்து, கண்காட்சியிலிருந்து மருத்துவமனைவரை, அங்கிருந்து வீடுவரை, பிடியை விடாமல் வைத்திருந்திருக்கிறாள். உள்ளங்கையில் கிளிப்பின் பல் பதிந்திருந்தது.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்து வைத்து, இடது கையால் கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தாள். பாதி கீழே விழுந்தன. என்ன திடீரென்று என்று கேட்டேன். "ஸ்டேஷன்ல கேப்பாங்கல்ல? பேனா பிடிக்க வேணாமா? அந்தப் பிள்ளைக்காக நான் ரேகை வெக்க மாட்டேன், கையெழுத்துப் போடுவேன்" என்றாள்.

அவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கிளிப் அவளிடம்தான் இருக்கிறது. நான் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன் என்றதற்குத் தர மறுத்துவிட்டாள். அவளுடைய வாக்குமூலத்தையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நேற்றுவரை முதல் எழுத்து மட்டும் வந்திருக்கிறது. அவள் முழுப் பெயரையும் எழுதி முடிக்க நேரமாகும். தயவுசெய்து காத்திருக்க வேண்டும், மைப்பெட்டியை எடுத்து நீட்டிவிட வேண்டாம்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் பார்த்ததும் கேட்டதும் இவையே. இதில் கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)
சாட்சி