திறந்த கதவும் தைக்காத தாளும்

(பணி நிறைவு பெறும் சிறுவர் நூல் பிரிவு ஆசிரியர் அவர்களுக்கு, அப்பிரிவின் பணியாளர்கள் அன்புடன் வாசித்தளிப்பது)

கதைகளின் காவலரே! கண்டிப்பும் கனிவும் கைகோத்து வந்த கலைமகளே! பிஞ்சு விரல்கள் புரட்டும் பக்கங்களுக்கெல்லாம் பின்னால் நின்ற பேருழைப்பே! கதைக்குள் அறிவுரை ஒரு வரி எட்டிப் பார்த்தாலும் அதன் காதைத் திருகி வெளியே அனுப்பிய அம்மையே! அச்சகத்தார்க்கு அக்காவாகவும், எழுத்தாளர்க்கு ஏழரைச் சனியாகவும், குழந்தைகளுக்குக் கதவக்காவாகவும் விளங்கிய எங்கள் ஆசிரியப் பெருந்தகையே! வணக்கம்.

இந்த இடத்தில் தங்கள் பண்புகளைப் பாடும் பத்தி ஒன்று இருந்தது. எதுகையும் மோனையும் இழைத்து, எழுதியவர் தாமே படித்துத் தாமே மெச்சிக்கொண்ட பத்தி. தாங்கள் வகுத்த விதிப்படி அதைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினோம். இரண்டாவது வாக்கியத்தில் இருவர் எழுந்து போனார்கள். மூன்றாவதில் மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். பத்தியை அடித்துவிட்டோம். அவர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டது ஒரே ஒரு பகுதியைத்தான். அதையே இங்கு வாசிக்கிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களும் அதில் வருகிறார். பொறுத்தருள வேண்டும்.

அந்த விதியை அறியாத விருந்தினர்களுக்காக ஒரு சொல். எந்தக் கதையும் அச்சுக்குப் போகுமுன் அதன் மாதிரிப் பிரதியைத் தாங்கள் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு வாசிப்பீர்கள். அறையின் கதவு அகலத் திறந்திருக்கும். யாரும் எப்போதும் எழுந்து போகலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. முதல் குழந்தை எழுந்த பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு விழும். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதியே ஆக வேண்டும். வாசிப்பவரும் தாளில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. "நாளைக்கு அந்தப் பிள்ளை தனியா படிக்கும்போது நான் பக்கத்துல இருக்க மாட்டேன்ல" என்பீர்கள்.

பிறர் கதைகளுக்கே படம் போட்டுப் பழகிய நம் ஓவியர் முதன்முதலாகத் தாமே எழுதிய கதை 'எட்டாவது மாடி ஆடு'. அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் காவலாளியோடு ஓர் ஆடும் ஏறிக்கொள்கிறது. எந்த மாடியில் நின்றாலும், எங்கள் ஆடு இல்லை என்று கதவைச் சாத்துகிறார்கள். இதை எழுதி முடித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கதை நன்றாக இருக்கிறதா என்ற கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலையை மேலாளர் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

கேள்விப் பக்கம் இல்லாத புத்தகத்தைப் பள்ளிக்கூடங்கள் வாங்க மறுக்கின்றன என்பது மேலாளர் கட்சி. கதை முடிந்ததும் நீதி என்ன, ஆட்டின் குணங்கள் யாவை என்று கேட்டால்தான் புத்தகம் விலைபோகும் என்றார். கதையைப் படித்த கையோடு கேள்வி கேட்டால் பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தொடவே பயப்படும் என்றீர்கள் தாங்கள். பேச்சு முற்றி ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. ஆட்டுக் கதையின் வாசிப்பு நாளன்று மேலாளர் பின்வரிசையில் அமர்வார். கதை முடியுமுன் பாதிக் குழந்தைகள் எழுந்து போய்விட்டால், இனி எல்லா நூல்களிலும் கேள்விப் பக்கம் வரும். நம் பிரிவும் பயிற்சி நூல் பிரிவோடு சேர்க்கப்படும். தாங்கள் சரி என்றீர்கள்.

அந்த நாளும் வந்தது. வெளியே முற்றத்தில் பந்து விளையாட்டு சூடுபிடித்திருந்தது. மேலாளர் கேள்விகளை முன்கூட்டியே அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். ஓவியர் சுவரோடு சுவராக நின்றார். அவர் கண் முழுவதும் தையல்காரர் மகள் மேல்தான் இருந்தது. எந்தக் கதையானாலும் முதலில் எழுந்து போகும் சிறுமி அவள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல். வழக்கம்போல ஒரு செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

தாங்கள் வாசிக்கத் தொடங்கினீர்கள். ஆடு முதல் மாடிக்குப் போனது, மூன்றாம் மாடிக்குப் போனது. அளவுகோல் அசையவில்லை. ஐந்தாம் மாடியில் மற்ற செருப்பும் காலிலிருந்து கழன்றது. ஓவியருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே லிஃப்ட் நின்று, விளக்கு அணைந்து, இருட்டில் ஆடு காவலாளியின் சட்டையைக் கடித்து மெல்லத் தொடங்கிய இடத்தில் பக்கத்தைப் புரட்டினீர்கள். புரட்டிய கை அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். ஒரு பெரிய தாளின் இருபுறமும் சேர்த்துப் பதினாறு பக்கங்கள் அச்சாகும். அதை ஃபாரம் என்போம். ஆட்டுக் கதைக்கு மூன்று ஃபாரங்கள். நம் பைண்டர் அவற்றை எண் பார்த்து அடுக்குவதில்லை, முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துத்தான் அடுக்குவார். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் முதல் பக்கத்தில் ஓவியர் வரைந்திருந்தது சாத்திய லிஃப்ட் கதவு. பைண்டர் இரண்டாவதையே இரண்டு முறை வைத்துத் தைத்துவிட்டார். எட்டாவது மாடியில் இறங்க வேண்டிய ஆடு மறுபடி நான்காம் மாடியில் வந்து நின்றது.

மிச்சத்தை வாயாலேயே சொல்லி முடித்துவிடுமாறு மேலாளர் பெருந்தன்மையோடு சொன்னார். கதை தங்களுக்கு மனப்பாடம். சொல்லியிருந்தால் பந்தயம் அந்த நிமிடமே நம் பக்கம். ஓவியர் தங்களைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தார். தாங்களோ புத்தகத்தை மூடிவிட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"இதுக்கு மேல இந்தப் புத்தகத்துல இல்ல. பின்னாடி சந்துல, பைண்டர் மேசையில இருக்கு. தம்பி போய் எடுத்துட்டு வருவாரு. இருக்கறவங்க இருக்கலாம், போறவங்க போகலாம். கதவு திறந்துதான் இருக்கு."

ஓவியருக்குக் கால் தரையில் பாவவில்லை. முற்றத்தைக் கடந்து சந்துக்குள் ஓடினார். பைண்டர் சாப்பிடப் போயிருந்தார். அவர் மேசையில் அட்டை, நூல், பசை வாளி, வெட்டிய துண்டுகள், எல்லாம் இருந்தன. மூன்றாவது ஃபாரம் மட்டும் இல்லை. குனிந்து தேடினார், பரணைக் கலைத்தார், வாய்க்கு வந்தபடி தம்மையே திட்டிக்கொண்டார். எல்லாக் கதவையும் ஏன் ஒரே மாதிரி வரைந்தோம் என்று அழுகை வந்தது. கடைசியில் பசை வாளியைத் தூக்கினால், கசிவு மேசையில் படாமலிருக்க அடியில் விரித்திருந்ததே அந்தத் தாள்கள்தான். மேல் தாள் பாழ். கீழே இரண்டு நன்றாக இருந்தன. ஆனால் மடித்து வெட்டினால்தானே பக்கம் வரிசைக்கு வரும்! மடித்தார், தவறாக மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

அப்போதுதான் முற்றத்துப் பக்கம் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. ஒருவர் இருவர் சத்தம் இல்லை, அத்தனை பேரின் சத்தம். அறை காலியாகிவிட்டது என்பது அவருக்கு விளங்கியது. பந்தயம் போயிற்று, பிரிவும் போயிற்று, இனி தம் ஆட்டின் குணங்கள் யாவை என்று எவனோ கேட்பான் என்று நினைத்துப் பசை படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூச்சல் முற்றத்தில் நிற்கவில்லை. சந்துக்குள் வந்தது. வாசலில் முதல் ஆளாக அளவுகோல் நின்றாள், வெறுங்காலோடு. அவளுக்குப் பின்னால் அறையிலிருந்த அத்தனை பேரும்.

"கெடச்சுதா?" என்றாள்.

இன்னும் வெட்டவில்லை, பக்கமெல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது என்றார் ஓவியர். பரவாயில்லை, விரியுங்கள் என்றார்கள். ஒரு தாளை ஒரு புறமாகவும் மற்றதை மறுபுறமாகவும் தரையில் விரித்தார். குழந்தைகள் குப்புற விழுந்தார்கள். முப்பத்து மூன்றை முடித்தவர்கள் முப்பத்து நான்கைத் தேடி அடுத்த தாளுக்குத் தாவினார்கள். தலைகீழ்ப் பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போனார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒருத்தி காதோடு படித்துக் காட்டினாள். தாங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. வாசிக்க அங்கே ஆள் தேவைப்படவில்லை.

பின்னாலேயே மேலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள், ஆகவே பந்தயம் தமக்கே என்று சொல்லியபடிதான் நுழைந்தார். கூட்டத்துக்கு நடுவே வந்து, கேள்வித்தாளைப் பிரித்து, அளவுகோலைப் பார்த்து இந்தக் கதையிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டார்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "கொஞ்சம் நகருங்க சார். நாப்பதாம் பக்கத்து மேல நிக்கிறீங்க."

மேலாளர் காலைத் தூக்கினார். ஷூவுக்கு அடியில், அத்தனை மாடிக்காரர்களும் லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்து அது எங்கள் ஆடுதான் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்தார். குனிந்தபடியே அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "அடுத்த பக்கம் எங்க இருக்கு?"

ஓவியர் அன்று அழுதது சந்தோஷத்தில். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம், எங்களுக்கு இல்லை.

அம்மையீர்! அந்தக் கேள்வித்தாள் இன்றுவரை பையை விட்டு வெளியே வரவில்லை. தாங்கள் படியிறங்கிய பின் வருமோ என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. மேலாளர் முன்னிலையிலேயே அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வந்தால் என்ன செய்வது என்பதும் தங்களிடமே கற்றதுதான். கதவைத் திறந்து வைப்போம், தாளில் உள்ளதை மட்டும் வாசிப்போம், பிறகு அளவுகோல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இம்மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைக்க மனம் வரவில்லை. ஒரே ஃபாரமாக அச்சிட்டு, மடிக்காமல், தைக்காமல் தருகிறோம். வீட்டுத் தரையில் விரித்து, குப்புறப் படுத்து, சுற்றிச் சுற்றி வந்து படித்துக்கொள்ளுங்கள். அப்படிப் படுத்தெழ முழங்கால்களுக்கு வலுவும், பொடி எழுத்தைப் பிடிக்கக் கண்களுக்கு ஒளியும், இனி எந்தக் கதையையும் திருத்த வேண்டாமே என்ற நிம்மதியும் தங்களுக்கு நெடுங்காலம் நிலைக்கட்டும்!

வாசிக்கத் தொடங்கும்போதே இம்மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்தோம். இதுவரை யாரும் எழுந்து போகவில்லை. மேலாளர் அவர்கள் உட்பட.

மடலின் கடைசிப் பக்கத்தில் கேள்விகள் இல்லை.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
சிறுவர் நூல் பிரிவின் ஓவியர், மெய்ப்புத் திருத்துநர், பக்கம் அமைப்பவர், அச்சுக் கூடத்தார்; இப்போது எண் பார்த்தே அடுக்கும் பைண்டர்.